ஒரு ‘ஓ’ போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில், அடிக்கடி தப்பாக எழுதப்படும் ஆங்கிலச் சொற்களைப் போட்டிருந்தீர்கள். நான் தேடிய வினைச்சொல் அதில் இல்லை. இழப்பதைக் குறிக்கிற ‘லூஸ்’ அது. எழுத்துகள் எல், ஓ, எஸ், ஈ. 30 வருஷம் 10-ஆம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்தினேன். எந்த விடைத்தாள் கட்டைப் பிரித்தாலும் இந்தச் சொல்லில் ஒரு ‘ஓ’ கூடுதலாக இருக்கும். எங்கள் தெருமுனை ஜிம்மின் பலகையிலும், எடையைக் குறைக்கச் சொல்கிற வரியில் இரண்டு ‘ஓ’தான்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இரண்டு ‘ஓ’ போட்ட லூஸ் நம் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. சட்டை லூஸ் என்கிறோம், லூஸில் எண்ணெய் வாங்குகிறோம், சண்டை வந்தால் ‘லூஸ்ல விடுப்பா’ என்கிறோம். இழப்பதற்கான ஆங்கிலத்திலோ ‘லாஸ்’ என்ற பெயர்ச்சொல்தான் நம் பேச்சில் ஒட்டியது, வினை ஒட்டவில்லை. அதனால் கை பழகிய எழுத்துக்கே போகிறது. தேர்ந்தெடுப்பதைச் சொல்கிற ‘சூஸ்’ வேறு இரண்டு ‘ஓ’வோடு நின்று ஆளைக் குழப்புகிறது.

தமிழில் எழுதினால் இரண்டும் லூஸ்தான். ஆங்கிலத்தில் கடைசி ஒலி வேறு. ஒருநாள் ஒரு மாணவியைத் தொண்டையில் விரல் வைத்து இரண்டையும் சொல்லச் சொன்னேன். தளர்ந்ததைச் சொன்னபோது முடிவில் பாம்பு சீறுவதுபோல வெறும் காற்று. இழப்பதைச் சொன்னபோது தேனீ ரீங்கரிப்பதுபோல விரலில் அதிர்வு. “டீச்சர், நடுங்குது!” என்றாள். பிறகு அவள் அதைத் தப்பாக எழுதி நான் பார்த்ததில்லை. ‘யூஸ்’, ‘குளோஸ்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். வினையாக வரும்போது அதே நடுக்கம் இருக்கும்.

இன்னொன்று. தயவுசெய்து ‘இழ’ என்று ஒரே பொருளைப் போட்டு நிறுத்திவிடாதீர்கள். அதை மனப்பாடம் செய்த பையன் ‘நான் சாவியை இழந்தேன்’ என்று மொழிபெயர்த்திருந்தான். சாவியைத் தொலைக்கத்தானே செய்வோம்? மேட்ச் என்றால் தோற்கிறோம், வழி என்றால் தவறுகிறோம், கடிகாரம் என்றால் அது மெதுவாக ஓடுகிறது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான். இவ்வளவு சொற்களைத் தமிழில் கையில் வைத்திருக்கிற பிள்ளைக்கு ஒன்றை மட்டும் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்த வாரப் பக்கத்தில் இதைச் சேருங்கள். இறந்தகாலத்தில் ஈ போய் டீ வந்து ‘லாஸ்ட்’ ஆகும், ஐ-என்-ஜி சேர்த்தாலும் ஈ விழுந்துவிடும் என்பதையும் ஒரு வரி போட்டுவிடுங்கள். தேர்வுக்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
தஞ்சாவூர்