வன்னிக்கு முதலில் ஒரு காப்பாட்சியர் வேண்டும்

வட மாகாணத்தில் பண்பாட்டலுவல்களுக்குப் பொறுப்பாயிருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

வன்னியில் ஒரு கலை அருங்காட்சியகம் அமைய வேண்டுமென்ற பேச்சு எழும்போதெல்லாம் காணியும் கட்டடமுமே முதலில் பேசப்படுகின்றன. கட்டடத்துக்கு முன்னரே, கலைப்பொருள்களைப் பதிந்து பேணும் காப்பாட்சியர் பதவியொன்றை உருவாக்குங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

முள்ளியவளையில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாராயிருந்த என் பாட்டனாரின் கூத்து முடியை, அதாவது கூத்தில் தலையில் அணியும் கிரீடத்தை, இடப்பெயர்வுகளின்போதெல்லாம் அம்மா சாக்கில் சுற்றிக் காவித் திரிந்தார். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அலுவலகம் அதைக் கண்காட்சிக்கென வாங்கிச் சென்றது, பற்றுச்சீட்டுக்கூட எழுதப்படவில்லை. மேற்கு யன்னலடியில் மூன்று மாதம் வெயிலில் இருந்து திரும்பியபோது, நெற்றிப்பட்டையின் சிவப்புத் துணி வைக்கோல் நிறமாகியிருந்தது. கண்ணாடித் துண்டுகளில் ஏழு உதிர்ந்து, அவ்விடத்தில் அரக்கு மட்டும் ஒட்டியிருந்தது. அங்கே எவரிடமும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை, வேலை தெரிந்தவர்தான் இருக்கவில்லை. பயின்ற காப்பாட்சியர் பொருளைக் கையேற்கும்போதே இலக்கமிட்டு, தந்தவர் பெயரையும் அளவையும் ஏற்கெனவே உள்ள பழுதையும் பதிவேட்டில் எழுதி, படமும் எடுத்திருப்பார். சாயத்துணியில் 50 லக்ஸுக்கு (ஒளியை அளக்கும் அலகு) மேல் ஒளி படலாகாதென்று யன்னலை மறைத்திருப்பார்.

1877இல் கொழும்பில் பிறந்த கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுக்காக ஊரூராக அலைந்தபோதுதான் நலிந்துகொண்டிருந்த கைவினைகளைக் கண்டார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908இல் வெளிவந்தது. 1917இல் போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக இந்தியக் கலைப் பொறுப்பை ஏற்றவர், 1947இல் மறையும்வரை 30 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். நம்மவர் ஒருவருக்கு அந்த வேலை கடல் கடந்த ஊரிலேயே வாய்த்தது என்று எண்ணும்போது எனக்கு இன்றும் நோகிறது.

வவுனியாவிலுள்ள அருங்காட்சியகம் தொல்பொருள்களுக்கானது. கூத்து உடுப்பும் பனையோலைப் பின்னலும் நம் இளையோர் வரையும் ஓவியங்களும் அதன் எல்லைக்குள் வாரா. ஆகவே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு பயின்ற ஒருவரை நிரந்தரமாக நியமித்து, பொருட்காப்பில் பயிற்சி கொடுத்து, முதலாண்டு முழுவதும் பதிவேட்டோடும் கமெராவோடும் ஊர்களுக்கு அனுப்புங்கள். அவர் எதையும் வாங்கிச் செல்ல வேண்டியதில்லை. எந்த வீட்டில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று எழுதினாலே போதும். அவரே பின்னர் பணிப்பாளராக உயரும் வழியையும் நியமனத்திலேயே வையுங்கள், ஏனெனில் சில ஆண்டுகளுக்கொருமுறை இடமாற்றம் பெறுபவர்களின் கையில் ஒரு தொகுப்பின் கதை தங்காது.

முடி இப்போது பருத்தித் துணியில் சுற்றி உள்ளறை அலுமாரியில் இருக்கிறது. பெட்டியின் அடியில் கிடைத்த நான்கு கண்ணாடித் துண்டுகளைத் தீப்பெட்டியொன்றில் வைத்திருக்கிறேன். காப்பாட்சியர் வரும் நாளில் இரண்டையும் அவரிடம் காட்டுவேன்.

இங்ஙனம்,
முள்ளியவளையிலிருந்து ஓர் அண்ணாவியாரின் பேர்த்தி