வேரா ஸசுலிச் கேட்ட கேள்வி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள், படிப்பதை இன்னும் கொஞ்ச நாள் ஒத்திப்போடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு உள்ளூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவது இப்போது என் பொறுப்பு.

எல்லாச் சமூகமும் ஒரே பாதையில்தான் போயாக வேண்டும் என்று வரலாற்றுக்கு விதி ஒன்று உண்டா, இல்லை நாம்தான் இளவயதில் அப்படி நம்பிக்கொண்டிருந்தோமா என்று கேட்டிருந்தாய். ஆதிப் பொதுவுடைமை, அடிமைச் சமூகம், நிலப்பிரபுத்துவம், முதலாளித்துவம், சோசலிசம் என்று அரசியல் வகுப்பில் ஒப்பித்தோமே, ஸ்டாலின் 1938-இல் எழுதியதன் வழியாக உலகமெங்கும் பரவிய வரிசை அது. ஆனால் உன் கேள்வியை 1881-லேயே ஒரு பெண் மார்க்ஸிடம் நேராகக் கேட்டுவிட்டார்.

ரஷ்யப் புரட்சியாளர் வேரா ஸசுலிச்சை உனக்கு நினைவிருக்கும். அரசியல் கைதி ஒருவருக்குக் கசையடி கொடுக்கவைத்த பீட்டர்ஸ்பர்க் ஆளுநர் திரெப்போவை 1878-இல் சுட்டவர். ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள். ஜெனீவாவுக்குத் தப்பிவந்த அவர் 1881 பிப்ரவரி 16-ஆம் தேதி லண்டனில் இருந்த மார்க்ஸுக்கு எழுதுகிறார். ரஷ்யக் கிராமங்களில் நிலம் ஊர்ச் சமூகத்துக்குப் பொது. அவ்வப்போது குடும்பங்களுக்கிடையே பிரித்துக்கொடுப்பார்கள். இந்த அமைப்பு அழிந்து முதலாளித்துவம் வந்துதான் தீர வேண்டுமா? அப்படியென்றால் விவசாயியின் நிலம் பறிபோக எத்தனை பத்தாண்டுகள் ஆகும் என்று கணக்குப் போடுவதைத் தவிர எங்களுக்கு என்ன வேலை? இப்படிச் சொல்கிறவர்கள் உங்கள் சீடர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்களே என்று கேட்கிறார். எங்களுக்கு இது வாழ்வா சாவா என்கிற பிரச்சினை என்றும் எழுதுகிறார்.

மார்க்ஸுக்கு அப்போது 62 வயது, உடம்பு சரியில்லை. ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் மனிதர் நீளநீளமாக மூன்று வரைவுகள் எழுதினார், சின்னதாக நான்காவது ஒன்றும் எழுதினார். மார்ச் 8-ஆம் தேதி அனுப்பியதோ சுருக்கமான பதில். 'மூலதனம்' விவரிக்கும் வளர்ச்சிப் போக்கின் தவிர்க்கமுடியாமை மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டுமே பொருந்தும், கெடுதல் செய்யும் சக்திகளை அகற்றினால் ரஷ்யக் கிராமச் சமூகமே அந்த நாட்டின் மறுவாழ்வுக்குப் பிடிமானம் ஆகலாம் என்பது அதன் சாரம்.

வரைவுகளில் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். கிராமச் சமூகத்தை மிரட்டுவது வரலாற்று விதியும் இல்லை, கோட்பாடும் இல்லை. அரசின் ஒடுக்குமுறையும் உள்ளே புகுந்த முதலாளிகளின் சுரண்டலும்தான் என்கிறார். இந்தியாவில் பொது நிலவுடைமையை ஆங்கிலேயர் ஒழித்தது வெறும் அழிவு வேலை, மக்களை முன்னே தள்ளாமல் பின்னே தள்ளிய வேலை என்கிறார். அதே மார்க்ஸ்தான் 1853-இல் நியூயார்க் பத்திரிகையில், இங்கிலாந்து இந்தியாவில் அழிக்கவும் வேண்டும் புதிதாகப் படைக்கவும் வேண்டும் என்று எழுதியவர். இடையில் ரஷ்ய மொழி கற்றார், நிலவுடைமை பற்றிப் படித்துக் குறிப்பேடுகளை நிரப்பினார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசிக் காலம்தான். உலகமே தன் நூலை ஒரு சூத்திரமாகப் பார்க்கத் தொடங்கியபோது, அவர் ரஷ்ய நிலக் கணக்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இந்தக் கடிதத்துக்கு நேர்ந்த கதியும் வருத்தம் தருகிறது. மார்க்ஸின் எழுத்துகளைத் தேடித் தொகுத்த ரஷ்ய ஆய்வாளர் ரியஸானவ் 1911-இல் வரைவுகளைக் கண்டெடுத்து, பதில் ஏதும் வந்ததா என்று விசாரித்தபோது ஸசுலிச்சின் தோழர் பிளெகானவுக்கும் ஞாபகமில்லை, கடிதத்தை வாங்கிய ஸசுலிச்சுக்கே ஞாபகமில்லை. 1923-இல் அவர்களுடைய இன்னொரு தோழர் அக்ஸல்ராதின் காகிதங்களுக்குள்ளிருந்து அது கிடைத்தது. அதற்குள் ரஷ்யாவில் புரட்சியே முடிந்திருந்தது.

அப்புறம், இதைப் படித்துவிட்டு நம் ஊர்க் கிராமமும் அப்படித்தான் இருந்தது என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். 1853 கட்டுரையிலேயே இந்தக் கிராமங்களில் சாதியும் அடிமைத்தனமும் படிந்திருப்பதை மார்க்ஸ் குறித்திருக்கிறார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தை அறியாமையின் குகை என்று சொன்னபோது, அது சேரியிலிருந்து பார்த்தவரின் சாட்சியம். ஊர்ப் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவருக்கு 'பொது' என்பதில் என்ன பங்கு? ரஷ்யக் கிராமத்துக்கு மார்க்ஸ் சொன்னதை அப்படியே தூக்கி இங்கே வைப்பதும் ஐந்து கட்டங்களை ஒப்பித்ததும் ஒரே தப்புதான். விதி உண்டா என்று பொதுவில் கேட்டால் பதில் கிடைக்காது என்றே நினைக்கிறேன். எந்த ஊர், யார் கையில் நிலம், யார் வெளியே நிற்கிறார்கள் என்று கேட்டால்தான் மேலே பேச முடியும்.

இதைப் பற்றி சமூகவியலாளர் ஷானின் தொகுத்த புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கண் தேறியதும் சொல், அனுப்புகிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஒரு உதவி செய். உங்கள் ஊர் ஏரிக்குக் குடிமராமத்து, அதாவது ஊராரே சேர்ந்து ஏரியைச் செப்பனிடும் வேலை, நடந்த காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் யாராவது இருந்தால், எந்தத் தெருக்காரர்கள் மண் சுமந்தார்கள், மடை திறந்ததும் யார் வயலுக்கு முதலில் தண்ணீர் போனது என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
கோவிந்தன்