உட்காராதவளுக்கு ஓர் இருக்கை: பேஸ்பால் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் அலுவலகத்துக்கும், முப்பது அணிகளின் மைதான நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். இருபத்திரண்டு மாதமான என் மகளை இந்தக் கோடையில் முதன்முறையாக உங்கள் பேஸ்பால் ஆட்டம் ஒன்றுக்கு அழைத்துச் சென்ற தந்தை எழுதுவது. இம்மடலின் ஆங்கிலப் படியைத் தனியே அனுப்பிவிட்டேன். என்னைப் போலவே கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, அமெரிக்காவுக்கு வந்து, பிள்ளை பிறந்தபின் இந்த ஊர் ஆட்டத்தையும்தான் பார்ப்போமே என்று கிளம்பும் பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் இதைத் தமிழிலும் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: டிக்கெட் விற்கும்போது நீங்கள் காட்டும் இருக்கை வரைபடத்தில், பார்வையாளர் மேல் பந்து படாமல் தடுக்கும் பாதுகாப்பு வலை எதுவரை இருக்கிறது, மாலை வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, ஒலிபெருக்கிகள் எங்கே உள்ளன, டயப்பர் மாற்றும் மேசை எந்தெந்தக் கழிப்பறைகளில் உண்டு என்பவற்றையும் சேர்த்துக் காட்டுங்கள்.

குறை சொல்லும் முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தளர்நடைக் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்முறை ஆட்டம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2023இல், பந்து வீசுபவர் குறித்த நொடிகளுக்குள் வீச வேண்டும் என்று நீங்கள் கடிகாரம் வைத்தபின், அதற்கு முந்தைய ஆண்டு சராசரியாக மூன்று மணி நேரத்தைத் தாண்டிய ஆட்டம் ஏறத்தாழ இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்குச் சுருங்கியது. குழந்தையின் தூக்க நேரத்தைக் கணக்குப் பார்த்து வாழும் வீட்டில் அந்த இருபத்து நான்கு நிமிடம் சாமானியமானதல்ல. ஒவ்வோர் அரை இன்னிங்ஸ் முடிவிலும், அதாவது ஓர் அணி மட்டையடித்து முடிக்கும்போதெல்லாம், இடைவெளி கிடைப்பதால் எழுந்து நடக்கலாம், திரும்பி வரலாம், எதையும் தவறவிட்டதாகத் தோன்றாது. என் மகள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆட்டத்தின் நடுவே நான்கைந்து பேர் வரிசையாக வந்து செம்மண்ணை வலைப்பாய் இழுத்துச் சமப்படுத்தினார்களே, அதைப் பார்த்தாள். அவர்கள் உள்ளே போனதும் "இன்னும்" என்றாள். சிறிய பிளாஸ்டிக் ஹெல்மெட்டில் கொடுத்த ஐஸ்கிரீமைத் தின்று முடித்து, பிசுபிசுத்த அந்த ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அன்றைய செலவுக்கு எனக்கு அதுவே போதும்.

ஆனால், நாங்கள் இருக்கை வாங்கிய விதத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. மட்டையாளரின் பின்னாலிருந்து பார்த்தால் களத்தின் வலப்புறமான முதல் பேஸ் பக்கம், வீரர்கள் உட்காரும் டக்அவுட்டைத் தாண்டி, தாழ்வான வரிசையில் விலை மலிவாகக் கிடைத்ததை நல்ல வாய்ப்பு என்று எண்ணி வாங்கினேன். உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கு முன்னால் வலை இல்லை என்பதையும், அது சில வரிசைகளுக்கு முன்பே முடிந்துவிட்டது என்பதையும் கண்டேன். கிரிக்கெட்டில் எல்லைக் கயிற்றுக்கு அப்பால் உட்கார்ந்து பழகியவர்களுக்கு, மட்டையில் பட்டுக் களத்தின் பக்கக் கோட்டுக்கு வெளியே விலகும் ஃபவுல் பந்து எவ்வளவு விரைவாகப் பார்வையாளரிடம் வந்து சேரும் என்பது பார்த்தால் ஒழியப் புரியாது. 2017 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரு சிறு குழந்தையைத் தாக்கிய பந்தின் வேகம் மணிக்கு 105 மைல், அதாவது ஏறத்தாழ 169 கிலோமீட்டர். அதன்பின், 2018 பருவத் தொடக்கத்துக்குள் முப்பது மைதானங்களிலும் டக்அவுட்டின் கடைசி வரை வலையை நீட்டினீர்கள். 2019 மே மாதம் ஹூஸ்டனில் பந்து தாக்கிய இரண்டு வயதுச் சிறுமி அந்த வலை முடிந்த இடத்துக்குச் சற்று அப்பால் அமர்ந்திருந்தாள். அவள் மண்டையோட்டில் முறிவு ஏற்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், எல்லா அணிகளும் வலையை மேலும் நீட்டும் என்று ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் அறிவித்தார். எனினும் எல்லா இடத்திலும் ஒரே அளவு என்று விதிக்கவில்லை. சில மைதானங்களில் பக்கக் கோட்டின் கோடியில் நிற்கும் ஃபவுல் கம்பம் வரை வலை இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஆட்டத்தின் இயல்பான ஆபத்துகளைப் பார்வையாளர் ஏற்கிறார் என்று டிக்கெட் நிபந்தனைகளில் எழுதியிருக்கிறீர்கள். மடியில் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை எதை ஏற்றுக்கொண்டது? பெற்றோராவது தெரிந்து ஏற்க வேண்டுமானால், வாங்கும் முன்பே அந்த வலையின் விளிம்பை ஒரு கோடாகக் காட்டுவதுதான் நியாயம். நாங்கள் இரண்டாவது இன்னிங்ஸிலேயே எழுந்து, மேல் தளத்தின் நடைபாதையில் நின்றபடி மீதியைப் பார்த்தோம்.

வெயிலும் அப்படித்தான். மட்டையாளரின் கண்ணில் மாலைச் சூரியன் படாதிருக்க மைதானம் கிழக்கு-வடகிழக்கு நோக்கி அமைவது நல்லது என்று உங்கள் விதிநூலே சொல்வதால், பல மைதானங்களில் இடப்புறமான மூன்றாம் பேஸ் பக்கம் முதலில் நிழலாகிறது. முதல் பேஸ் பக்கத்துக்காரர் முகத்தில் வெயில் அடிக்கிறது. இது உங்கள் ஊழியர் அனைவருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு இதை அடுத்த இருக்கையில் இருந்த முதியவர் சொன்னார்.

கழிப்பறைக்கு வருகிறேன். அன்று என் மனைவி ஐஸ்கிரீம் வரிசையில் நின்றிருக்க, டயப்பர் மாற்ற வேண்டிய வேளை வந்தது. அந்தத் தளத்தில் ஆண்கள் கழிப்பறை இரண்டிலும் மேசை இல்லை. தூண் ஒன்றின் பின்னால், சிமெண்டுத் தரையில் என் சட்டையை விரித்து மாற்றினேன்; பீர் கோப்பையோடு போனவர்கள் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொதுமக்கள் வந்து போகும் கூட்டரசுக் கட்டடங்களில் ஆண்கள் கழிப்பறையிலும் இந்த மேசை வேண்டும் என்று 2016இலேயே சட்டம் வந்துவிட்டது. தனியார் இடங்களை அது கட்டுப்படுத்தாது என்பதை அறிவேன். ஆனால் சட்டம் சொல்லாமலேயே செய்தவர்கள் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். சின்சினாட்டி மைதானத்தில் பாலூட்டவும் டயப்பர் மாற்றவும் தனி அறைத்தொகுதியை 2015இலேயே திறந்தார்கள். சான் டியேகோவில் வெளிக்களத்துக்கு அப்பால் புல்மேடே இருக்கிறது; உட்காராத பிள்ளைகள் அங்கே ஓடலாம்.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காதுக் கவசம் வாங்கிப் போட்டோம், பெரும்பாலும் போதுமாக இருந்தது. ஆனால் சொந்த அணி கிரிக்கெட்டின் சிக்சர் போன்ற ஹோம் ரன் அடித்ததும் முன்னறிவிப்பின்றி வெடிக்கும் வாணத்துக்கு அந்தக் கவசம் ஈடுகொடுக்கவில்லை. அவள் வீறிட்டு அழுதாள். எதிரணி அடித்தால் வாணம் இல்லை என்று கண்டுகொண்ட நான், நம் அணியினர் ஒற்றை ஓட்டமாக அடித்துக்கொண்டிருக்கட்டும் என்று வேண்டத் தொடங்கிவிட்டேன்.

இவை எதற்கும் புதிய கட்டுமானம் தேவையில்லை. ஒவ்வோர் இருக்கையிலிருந்தும் ஆடுகளம் எப்படித் தெரியும் என்ற படத்தை இப்போதே காட்டுகிறீர்கள். அதற்காகவே விலையையும் கூட்டிக் குறைக்கிறீர்கள். அதே படத்தின் மேல் இந்த நான்கையும் குறிப்பது அலுவலகத்தில் இருந்தபடியே முடிகிற வேலை. கூடவே, எந்த வயதுவரை டிக்கெட் வேண்டாம் என்பது அணிக்கு அணி மாறுவதால் அதையும் அங்கேயே ஒரு வரியில் எழுதிவிடலாம்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலாட்டத்துக்கு மீண்டும் போகிறோம். செம்மண்ணைச் சமப்படுத்துபவர்களைக் காட்டுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இருக்கையை இன்னும் வாங்கவில்லை. வலை எந்தப் பிரிவு வரை இருக்கிறது என்று கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் வந்ததும் வாங்குவேன்.

இப்படிக்கு,
முதல் பேஸ் பக்கத்திலிருந்து எழுந்து போன ஒரு தந்தை