சக்கர மோட்டாரின் சிக்கல் தொழிற்சாலையில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சாரக் கார்களின் சக்கரங்களுக்குள்ளேயே மோட்டாரைப் பொருத்தும் முறை பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கியர்பெட்டி, இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியல், அச்சுத்தண்டு ஆகியவை தேவைப்படாமல் போவது, காரின் உள்ளே இடம் மிஞ்சுவது, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்த முடிவது என்று அதில் சொல்லப்பட்டிருந்த நன்மைகள் அனைத்தும் உண்மை. இன்னும் சில ஆண்டுகளில் எல்லாக் கார்களிலும் இந்த மோட்டார் வந்துவிடும் என்ற முடிவைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. மோட்டார் உற்பத்திப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், கட்டுரை தொடாமல் விட்ட ஒரு பக்கத்தை, அதாவது இவற்றை லட்சக்கணக்கில் தயாரிப்பதில் உள்ள இடர்களை, வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட லோனர் நிறுவனத்தின் மின்வண்டியில், இளைஞராக இருந்த ஃபெர்டினாண்ட் போர்ஷே முன்சக்கரங்களுக்குள் மோட்டாரைப் பொருத்தியிருந்தார். 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் நிலவில் ஓடிய ஊர்தியின் நான்கு சக்கரங்களுக்கும் தலா கால் குதிரைத்திறன் மோட்டார் இருந்தது. ராட்சதச் சுரங்க லாரிகளோ பல பத்தாண்டுகளாகச் சக்கர மோட்டாரில்தான் ஓடுகின்றன. இத்தனைக்குப் பிறகும், சக்கர மோட்டாருடன் பெருமளவில் தயாராகிப் பரவலாக விற்பனையான பயணிகள் கார் என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. ஏன் என்று கேட்டால், சக்கரத்தின் எடை கூடுவதால் கார் குலுங்கும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அதில் ஓரளவு உண்மை உண்டு என்றாலும், லோட்டஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு சாதாரணக் காரின் சக்கரங்களில் தலா 30 கிலோ கூடுதல் எடையை ஏற்றி ஆராய்ந்து, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் திருத்தி அமைத்தால் இழந்த சொகுசைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டனர். ஆகவே எடையை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை.

மின்சார சைக்கிள்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் ஹப் மோட்டார்கள், அதாவது சக்கரத்தின் மையத்தில் அமையும் மோட்டார்கள், கோடிக்கணக்கில் தயாராகின்றனவே, காருக்கு மட்டும் என்ன தடை என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது, ஆனால் இரண்டும் ஒரே பொருள் அல்ல. இருசக்கர வண்டியில் பெரும்பாலும் அச்சின் இரு முனைகளும் தாங்கப்படுகின்றன. காரின் சக்கரமோ ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கப்பட்டு மறுபக்கம் அந்தரத்தில் நிற்கிறது. சைக்கிள் மோட்டார் காற்றிலேயே குளிர்ந்துவிடும். கார் மோட்டாருக்குப் பெரும்பாலும் திரவக் குளிர்ச்சி வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும் காரின் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 முறைதான் சுழல்கிறது. காரின் நடுவே அமையும் மோட்டார் நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளுக்கு மேல் ஓடக்கூடியது. அதன் வேகத்தைக் கியர் சுமார் 9 மடங்கு குறைத்து, அதே அளவுக்கு முறுக்குவிசையைக் கூட்டித் தருகிறது. கியர் இல்லாமல் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார் அந்த முறுக்குவிசை முழுவதையும் தானே உண்டாக்க வேண்டும். முறுக்குவிசை என்பது மோட்டாரின் பருமனைச் சார்ந்தது என்பதால், அதே திறனுக்கு அதிகச் செம்பும் அதிகக் காந்தமும் தேவைப்படுகின்றன. கியர்பெட்டியை நீக்கியதால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பெரும் பகுதி இங்கேயே கரைந்துவிடுகிறது.

பெரிய விட்டம் கொண்ட இந்த மோட்டாரில் ரோட்டாருக்கும் (காந்தங்கள் பதித்த சுழலும் பகுதி) ஸ்டேட்டருக்கும் (செப்புச் சுருள்கள் உள்ள, சுழலாத பகுதி) இடையே இருக்க வேண்டிய காற்றிடைவெளி ஏறத்தாழ 1 மி.மீ. தான். என் பார்வையில் உற்பத்தித் தலைவலிகளில் பாதி இந்த ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கிறது. பேரிங்கின் தளர்வு, ஹப்பின் கடைசல், ரோட்டார் வளையத்தின் வட்டத்தன்மை, ஒவ்வொரு காந்தத்தின் தடிமன், அதை ஒட்டிய பசையின் கனம், ஸ்டேட்டர் பற்களின் உயரம் என்று ஒவ்வொன்றிலும் ஏற்படும் சிறு பிழைகள் எல்லாம் கூடி அந்த இடைவெளியைத் தின்கின்றன. இடைவெளி ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் காந்த இழுப்பு கூடுகிறது; இழுப்பு கூடினால் இடைவெளி மேலும் குறைகிறது. இத்துடன் வளைவில் திரும்பும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் சக்கர பேரிங் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 40 செ.மீ. விட்டமுள்ள அலுமினிய உறையும் எஃகு வளையமும் சேர்ந்து 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால், இரண்டின் விட்டத்துக்கும் இடையே 0.4 மி.மீ. அளவுக்கு வேறுபாடு உண்டாகும். மாதிரி மோட்டாரைச் செய்யும்போது அனுபவமுள்ள தொழிலாளி ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, ஒன்றுக்கொன்று பொருந்துபவற்றைத் தேர்ந்தெடுத்து, தேவையான இடத்தில் மெல்லிய தகடு கொடுத்துச் சரிசெய்துவிடுவார். உற்பத்தி வரிசையில் அதற்கு நேரமும் இல்லை, அத்தகைய கைகளும் போதிய எண்ணிக்கையில் இல்லை. காந்தம் ஏற்றப்பட்ட ரோட்டாரை ஸ்டேட்டரின் மேல் இறக்குவதும் எளிதன்று. இழுப்பு விசை கைக்கு அடங்காது என்பதால், காந்தத்தில் ஒட்டாத உலோகத்தாலான வழிகாட்டிகளும் அழுத்தும் எந்திரமும் வேண்டும். அருகே கிடக்கும் இரும்புத் துகள் ஒன்று உள்ளே போய்விட்டால், அது வெளியே வராது.

வைண்டிங்கிலும், அதாவது ஸ்டேட்டரில் செப்புச் சுருளை அமைப்பதிலும், தனிச் சிக்கல் உண்டு. கார் தொழில் கடந்த சில ஆண்டுகளில் பெரும் முதலீடு செய்து தேர்ச்சி பெற்றிருப்பது, தடித்த செப்புப் பட்டைகளை வளைத்துச் செருகிப் பற்றவைக்கும் முறையில். காந்த முனைகள் அதிகமாகவும் செம்பு அமரும் பள்ளங்கள் சிறியதாகவும் உள்ள சக்கர மோட்டாருக்கு அந்த எந்திரங்கள் அப்படியே உதவுவதில்லை. எஃகுத் தகட்டிலிருந்து பெரிய வளையத்தை வெட்டி எடுத்தால் நடுவிலுள்ள தகடு வீணாகிறது. துண்டுகளாக வெட்டிச் சேர்த்தால் வீண் குறைகிறது, ஆனால் வட்டத்தன்மை மீண்டும் கேள்விக்குள்ளாகிறது.

எண்ணிக்கை தரும் நெருக்கடியை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஆண்டுக்கு 1 லட்சம் கார்களைத் தயாரிக்கும் ஆலைக்கு, காருக்கு நான்கு வீதம் 4 லட்சம் மோட்டார்கள் வேண்டும். ஆண்டுக்கு 250 நாள், நாளுக்கு 16 மணி நேரம் என்று கொண்டால், 36 நொடிக்கு ஒரு மோட்டார் வெளிவர வேண்டும். உற்பத்தியில் 30 படிகள் இருந்து, ஒவ்வொரு படியிலும் 99.5 சதவீதம் சரியாக அமைந்தாலும், இறுதியில் முதல் முயற்சியிலேயே தேறுபவை 86 சதவீதம்தான். பிசின் ஊற்றி இறுக்கிய ஸ்டேட்டரைப் பிரித்துப் பழுது நீக்குவது பெரும்பாலும் முடியாத காரியம்; அதிலுள்ள செம்பும் உழைப்பும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். சோதனையைச் சுருக்கவும் இயலாது. சேறு, உப்பு நீர், வண்டி கழுவும் நீரின் அழுத்தம், பக்கத்திலேயே பல நூறு டிகிரி சூடாகும் பிரேக் தட்டு ஆகிய அனைத்தையும் தாங்கிப் பல ஆண்டுகள் ஓட வேண்டிய பொருளுக்குக் கசிவுச் சோதனை, உயர் மின்னழுத்தச் சோதனை, சுழற்சிச் சோதனை, ஓசைச் சோதனை எல்லாமே அவசியம். நீரும் சேறும் உள்ளே புகாமல் தடுக்கும் சுழலும் சீல் வளையம் சிறிதாக இருந்தால் தேய்மானம் குறைவு. இங்கோ அதுவும் சில வடிவமைப்புகளில் பெரிய விட்டத்தில் அமைகிறது.

பாதுகாப்பு பற்றிக் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்பது எனக்கு வியப்பளித்தது. நிலைக்காந்த மோட்டாரின் சுருள்களுக்குள் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால், மோட்டார் ஓட்டுவதை விட்டுவிட்டுச் சக்கரத்தைத் தடுக்கத் தொடங்கும். நடுவே உள்ள மோட்டாரில் அப்படி நேர்ந்தால் இரு பக்கச் சக்கரங்களும் ஒரே அளவில் தடைபடும்; சக்கர மோட்டாரில் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டு, வேகமாகச் செல்லும் கார் திசை மாறக்கூடும். இதனால்தான் சில வடிவமைப்பாளர்கள் ஒரே மோட்டாரைப் பல உட்பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கேற்ப மாற்றித் தரும் இன்வெர்ட்டரைத் தனித்தனியே கொடுக்கிறார்கள். வாகன மின்னணுப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 26262 தரத்தை நிறைவு செய்ய இது உதவும். ஆனால் பாகங்களின் எண்ணிக்கை மீண்டும் பெருகுகிறது.

காந்தத்துக்கான மூலப்பொருளை எடுத்துக்கொண்டால், நியோடிமியம் காந்தங்களில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் தயாராகிறது. 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் அந்நாடு ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது, வேறு நாடுகளிலுள்ள சில கார் ஆலைகள் தற்காலிகமாக உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. வெப்பத்தில் காந்தம் வலுவிழக்காமல் இருக்க உதவுபவை இந்த இரு தனிமங்களும்தான். பிரேக்குக்கு அருகே வேலை செய்யும் மோட்டாரால் அவற்றை எளிதில் கைவிட முடியாது. நடுமோட்டார் தயாரிப்பாளர்களுக்குக் காந்தமே இல்லாத வடிவமைப்புக்கு மாறும் வழி இருக்கிறது, ரெனோவும் பி.எம்.டபிள்யூவும் அத்தகைய மோட்டார்களை விற்பனைக் கார்களிலேயே பயன்படுத்துகின்றன. சக்கரத்துக்குள் அதற்கு இடமில்லை.

இவையெல்லாம் ஏட்டுக் கவலைகள் அல்ல. நான்கு சக்கர மோட்டார்களுடன் பிக்அப் லாரியைத் தயாரிக்க முனைந்த அமெரிக்காவின் லார்ட்ஸ்டவுன் மோட்டார்ஸ், உதிரிபாகச் செலவே விற்பனை விலையைத் தாண்டும் நிலையில் 2022-இல் மிகச் சிறிய அளவில் உற்பத்தியைத் தொடங்கி, 2023 ஜூனில் திவால் மனு அளித்தது. அதன் வீழ்ச்சிக்கு நிதித் தகராறு உட்பட வேறு காரணங்களும் உண்டு. பழி முழுவதையும் மோட்டார் மீது போடுவது நேர்மையாகாது. நெதர்லாந்தின் லைட்இயர் நிறுவனமும் தனது சக்கர மோட்டார் காரின் உற்பத்தியை தொடங்கிய இரண்டு மாதங்களுக்குள்ளேயே, 2023 ஜனவரியில், நிறுத்திவிட்டது. சக்கர மோட்டாரை முதலில் தேர்ந்தெடுத்திருந்த அமெரிக்காவின் ஆப்டெரா நிறுவனம், பின்னர் பெருமளவில் தயாராகும் நடுமோட்டாருக்கே மாறிக்கொண்டது. ரெனோ அறிவித்துள்ள 5 டர்போ 3ஈ காரில் பின்சக்கர மோட்டார்கள் வருகின்றன; ஆனால் தயாராகப் போவது மொத்தம் 1,980 கார்கள்.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிர்காலமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தாழ்தளப் பேருந்துகளில், கியருடன் கூடிய மோட்டார்களைச் சக்கரத்தை ஒட்டி வைக்கும் அச்சுகள் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளன. தளத்தைத் தாழ்த்துவதால் கிடைக்கும் பயன் அங்கே கூடுதல் செலவை நியாயப்படுத்துகிறது. சரக்கு விநியோக வேன்களிலும் அது நடக்கலாம். ஆனால் சாதாரணக் குடும்பக் காருக்கு அந்த நியாயம் இன்னும் அமையவில்லை. எனவே அடுத்த முறை ஒரு நிறுவனம் தன் சக்கர மோட்டாரின் முறுக்குவிசையை அறிவிக்கும்போது, முதல் சோதனையிலேயே எத்தனை சதவீதம் தேறுகின்றன, ஒரு மோட்டாரைச் சோதிக்க எவ்வளவு நேரமாகிறது, சீலோ பேரிங்கோ பழுதானால் அதைத் தனியே மாற்ற முடியுமா அல்லது மோட்டாரையே மாற்ற வேண்டுமா என்ற கேள்விகளையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் உற்பத்தித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்