அந்த கல் ஜன்னல் இப்போ இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மால்டா தீவு பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. தமிழ் பேப்பர்ல அந்த ஊர் பேரை பாத்ததும் எனக்கு சந்தோஷம் தாங்கல, காபிய அப்படியே வெச்சுட்டு நின்னுக்கிட்டே படிச்சேன், ஏன்னா நான் அங்க அஞ்சு வருஷம் ஒரு வயசான அம்மாவை வீட்டோட தங்கி பாத்துக்கற வேலை செஞ்சுட்டு போன வருஷம்தான் பெரம்பூருக்கு திரும்பி வந்தேன். ஆனா கட்டுரைக்கு மேல பெருசா ஒரு படம் இருந்துச்சே, கடலுக்குள்ள பாறை வளைஞ்சு ஜன்னல் மாதிரி நிக்குமே, கீழ கண்டிப்பா பாக்க வேண்டிய இடம்னு வேற போட்டிருந்தீங்க, அது இப்போ இல்லைங்க. 2017 மார்ச் 8ம் தேதி காலைல புயல்காத்துல மொத்தமா இடிஞ்சு கடலுக்குள்ள போயிடுச்சு. தூண் கூட மிச்சம் இல்ல.

நான் பாத்துக்கிட்ட அம்மா அந்த ஜன்னல் இருந்த தீவுக்காரங்கதான், மால்டாவோட ரெண்டாவது பெரிய தீவான கோசோல பொறந்து வளந்தவங்க. நான் அவங்கள நன்னான்னுதான் கூப்பிடுவேன், அவங்க பாஷைல பாட்டின்னு அர்த்தம். ஜன்னல் விழுந்த அன்னைக்கு வீட்ல துக்கம் நடந்த மாதிரி இருந்துச்சு, யாருமே சரியா சாப்பிடலன்னு சொல்லுவாங்க. அதுக்காக அந்த இடத்துக்கே போக வேணாம்னு நான் சொல்லல. துவேய்ரான்னு பேர் அந்த இடத்துக்கு, அங்கேயே ஒரு குட்டி உள்கடல் இருக்கு, சுத்தி மலை, ஒரு பக்கம் மட்டும் பாறைக்குள்ள குகை மாதிரி வழி, சின்ன படகுல ஏறி அந்த இருட்டுக்குள்ள போய் அந்தப் பக்கம் வெளிய வந்தா திடீர்னு பெரிய கடல். ஜன்னல் இருந்தப்ப எல்லாரும் அதோட படம் எடுத்துட்டு பஸ் ஏறிடுவாங்களாம், இதை கண்டுக்கவே மாட்டாங்களாம்.

நான் இந்த லெட்டர் எழுதறது படத்துக்காக மட்டும் இல்லைங்க. கட்டுரைல ரெண்டு நாள் போதும், எல்லாத்தையும் பாத்துடலாம்னு எழுதியிருக்கு. நாடு சின்னதுதான், மூணு தீவையும் சேத்தாலே 316 சதுர கிலோமீட்டர், நம்ம சென்னை மாநகராட்சி 426, அதனால பாக்கறவங்களுக்கு அப்படி தோணும். ஆனா ரெண்டு நாள்ல போறவங்க எல்லாரும் ஒரே நாலு இடத்துக்குதான் போறாங்க. 2024ல மட்டும் 35 லட்சம் பேருக்கு மேல வந்திருக்காங்க, அந்த ஊர் ஜனத்தொகையே அஞ்சரை லட்சம் பக்கம்தான். கோமினோங்கற குட்டி தீவுல ப்ளூ லகூன்னு கடல்ல குளிக்கற இடம் ஒண்ணு இருக்கு, அங்க கூட்டம் தாங்காம 2025லேர்ந்து முன்னாடியே புக் பண்ணினாதான் உள்ள விடறாங்க. தண்ணி அழகுதான், நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஊர்க்காரங்க யாரும் ஆகஸ்ட் மாசம் அந்த பக்கம் தலை வெச்சு படுக்க மாட்டாங்க. அவங்களுக்குன்னு வேற இடம் இருக்கு, அதை எழுதுங்கன்னு கேக்கத்தான் இது.

நன்னாவுக்கு ரொம்ப புடிச்ச இடம் ஷ்வேய்னி. கோசோவோட வடக்கு கரைல மார்சல்ஃபோர்ன்னு ஒரு ஊர், அங்கேர்ந்து கடலை ஒட்டியே நடந்தா அரை மணி நேரத்துக்குள்ள வந்துடும். உப்பளம்ங்க. நம்ம மரக்காணம் மாதிரி மண்ணுல பாத்தி கட்டினது இல்ல, கடலோரத்து பாறையையே சதுரம் சதுரமா வெட்டி வெச்சிருக்காங்க, முன்னூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, கிலோமீட்டர் கணக்குல நீளமா போகுது, பாறை நல்லா வெளிர்மஞ்சள் கலர், உள்ள தண்ணி, மேலேர்ந்து பாத்தா தாயக்கட்டம் வரைஞ்ச மாதிரி இருக்கும். வெயில் காலத்துல தண்ணி வத்தி உப்பு பூத்ததும் இன்னைக்கும் அந்த குடும்பங்களே வந்து விளக்குமாறால கூட்டி குவிச்சு வாருறாங்க. எங்க அம்மா ஊர் மரக்காணம் பக்கம்தான், சின்ன வயசுல லீவுக்கு போறப்ப பாத்திக்கு பாத்தி வெள்ளையா உப்பு குவிஞ்சு கிடக்கறத பாத்துக்கிட்டே பஸ்ல போவேன், அதனால முதல் தடவை ஷ்வேய்னி போனப்ப எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு, எவ்ளோ தூரம் வந்து அதே வாசம்.

நன்னா வீல்சேர்ல ரோட்டோரமா உக்காந்திருப்பாங்க, அவங்க பொண்ணு ஒரு பை நிறைய ரொட்டி கொண்டு வருவாங்க. அந்த ஊர் ரொட்டி வெளிய மொறுமொறுன்னு உள்ள மெத்துன்னு இருக்கும், அதை ரெண்டா வெட்டி, பழுத்த தக்காளிய அதுமேல நல்லா தேச்சு, ஆலிவ் எண்ணெய் ஊத்தி, கொஞ்சம் டூனா மீன், அப்புறம் அங்க செவுத்து இடுக்குல எல்லாம் வளருற ஒரு செடியோட மொட்டு, அதை ஊறுகாய் போட்டு வெச்சிருப்பாங்க, அதுல நாலு. கடைசியா அந்த உப்பளத்து கல்லுப்பை ரெண்டு விரலால நசுக்கி நன்னா அவங்க கையாலேயே தூவுவாங்க, வேற யாரையும் தூவ விட மாட்டாங்க. பழைய சோத்துக்கு சின்ன வெங்காயம் எப்படியோ அப்படி அது அவங்களுக்கு. சாப்பிட்டுட்டு இருட்டற வரைக்கும் பேசாம கடலையே பாத்துட்டு இருப்போம். போன வருஷம் அவங்க போய் சேந்துட்டாங்க, அடக்கம் முடிஞ்ச மறுநாள் அவங்க பொண்ணும் நானும் அங்கதான் போய் உக்காந்தோம்.

ஒண்ணு மட்டும் கெஞ்சி கேட்டுக்கறேன், அங்க போறவங்க யாரும் பாத்திக்குள்ள கால் வெக்காதீங்க. வரப்பு ஒரு ஜாண்தான் இருக்கும், போட்டோவுக்காக ஷூவோட உள்ள இறங்கி நிக்கறவங்கள நானே பாத்திருக்கேன், வாரிட்டு இருந்த பெரியவர் கையெடுத்து கும்பிடாத குறையா சத்தம் போட்டாரு. அது திங்கற உப்புங்க.

அடுத்து தா பீனு மாதா கோவில். கோசோல வயலுக்கு நடுவுல தனியா நிக்கும், பக்கத்துல வீடே இல்ல. 1883ல ஒரு விவசாயி வீட்டு பெண்ணுக்கு அங்க மாதா குரல் கேட்டுச்சுன்னு சொல்றாங்க, அப்போ சின்ன சேப்பல்தான், பெரிய கோவில் அப்புறமா கட்டினது. டூர்ல கூட்டிட்டு போனா முன்னாடி நின்னு படம் எடுத்துட்டு கிளம்பிடுவாங்க, நீங்க பலிபீடத்துக்கு பின்னாடி பக்கத்து அறைங்களுக்கு போங்க. செவுரு முழுக்க நேர்ச்சை சாமான், பொறந்த குழந்தை சட்டை, கை கால் உடைஞ்சப்ப போட்ட மாவுக்கட்டு, ஆக்சிடென்ட்ல நசுங்கின ஹெல்மெட், கைப்பட எழுதின நன்றி கடிதம். வேளாங்கண்ணில காணிக்கை வெச்சிருக்கற அறைய பாத்தவங்களுக்கு சட்டுன்னு புரியும், பாஷை தெரிய வேணாம். நானும் எங்க அண்ணி பிரசவத்துக்கு வேண்டிக்கிட்டு ஒரு சீட்டு எழுதி வெச்சுட்டு வந்தேன், தமிழ்லதான் எழுதினேன்.

பெரிய தீவுல கேட்டீங்கன்னா ஆர் லாப்சி. தெக்கு கரைல பாறைக்கு நடுவுல இயற்கையாவே குளம் மாதிரி அமைஞ்ச இடம், ஞாயித்துக்கிழமை குடும்பம் குடும்பமா பாத்திரம் பண்டத்தோட வந்துடுவாங்க, பாட்டிங்க இடுப்பளவு தண்ணில நின்னுக்கிட்டே மணிக்கணக்கா ஊர்க்கதை பேசுவாங்க. பக்கத்துலயே கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்கற பிளான்ட் இருக்கு. மால்டால ஓடற ஆறுன்னு ஒண்ணு கூட கிடையாது, பாதிக்கு மேல கடல்லேர்ந்துதான் எடுக்கறாங்க, நெம்மேலி மீஞ்சூர் தண்ணி குடிக்கற நமக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல, ஆனா அங்க குழாய தொறந்து விட்டுட்டு பாத்திரம் கழுவினா நன்னா உள்ளேர்ந்து குரல் குடுப்பாங்க.

மார்சஷ்லாக் மீன் மார்க்கெட் உங்க கட்டுரைலயே இருக்கு, சரிதான், ஆனா பத்து மணிக்கு மேல போனா துணி கடை பொம்மை கடைதான் ஜாஸ்தி, மீன் வாங்கறவங்க காலைலயே வந்து வாங்கிட்டு போயிடுவாங்க. காசிமேட்டு கணக்குதான். படகு மூக்குல ரெண்டு பக்கமும் கண்ணு வரைஞ்சிருக்கும், அது கெட்டதுலேர்ந்து காப்பாத்தும்னு மீனவங்க நம்பிக்கை. தலைநகர் வலேட்டாலேர்ந்து துறைமுகத்தை தாண்டி எதிர்கரைல இருக்கற பிர்குங்கற ஊருக்கு போறப்ப டாக்ஸி புடிக்காதீங்க, டைசான்னு மரப்படகு இருக்கு, சில யூரோதான், தண்ணி மட்டத்துலேர்ந்து அந்த கோட்டை செவுத்தை அண்ணாந்து பாக்கணும், 1565ல துருக்கி படை மாசக்கணக்கா முற்றுகை போட்டும் புடிக்க முடியாத ஊர் அது. இறங்கினதும் சூடா பஸ்டிட்சி வாங்கி சாப்பிடுங்க, நம்ம பப்ஸ் மாதிரிதான், பட்டாணி வெச்சதுன்னு கேட்டு வாங்குங்க.

சென்னைலேர்ந்து நேர் ஃப்ளைட் கிடையாது, துபாய் மாதிரி எங்கயாவது மாறணும், ஷெங்கன் விசா வேணும். ஜூலை ஆகஸ்ட் வேண்டாம், ஏப்ரல் மே நல்லா இருக்கும். கோசோவுக்கு பெரிய தீவுல இருக்கற சிர்கேவ்வா துறைமுகத்துலேர்ந்து ஃபெர்ரில 25 நிமிஷம்தான், போறப்ப காசு கேக்க மாட்டாங்க, திரும்பறப்பதான் வாங்குவாங்க, அதனால யாரும் பதற வேணாம். காலைல போய் சாயங்காலம் ஓடி வராம ஒரு ராத்திரியாவது கோசோல தங்குங்க. சாயங்கால ஃபெர்ரி கூட்டம் போனதுக்கு அப்புறம் தெருவுல நாற்காலி போட்டு உக்காந்துடுவாங்க, நீங்க போன்ஸ்வான்னு ஒரு மாலை வணக்கம் சொன்னா போதும், எந்த ஊரு, என்ன சாப்பிட்டன்னு ஆரம்பிச்சிடுவாங்க.

ஆசிரியர் அய்யா, அந்த படத்துக்கு அடுத்த வாரம் ஒரு திருத்தம் போட்டுடுங்க. கட்டுரைய பாத்து லீவுக்கு டிக்கெட் போடறவங்க இருப்பாங்க, குழந்தைங்கள கூட்டிட்டு அவ்ளோ தூரம் போய் ஜன்னல் எங்கன்னு தேடிட்டு நிக்க கூடாது. ஷ்வேய்னி உப்பளம் நான் ஃபோன்ல எடுத்த படம் நாலஞ்சு இருக்கு, வேணும்னா அனுப்பி வைக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.