உதைபந்தாட்ட அணி: காலிறுதி சனிக்கிழமை

வணக்கம். குழுநிலை ஆட்டங்கள் முடிந்தன. இரண்டு வெற்றி, ஒரு சமநிலை, ஒரு தோல்வி. மொத்தம் 7 புள்ளி. மூன்றாம் இடத்து அணிக்கும் அதே 7 தான். கோல் வித்தியாசத்தில் தப்பிக் காலிறுதிக்குப் போகிறோம்.

கடைசி ஆட்டத்தில் மழை, கோல் வாயிலில் ஒரே சேறு. எங்கள் கோல் காப்பாளர் தம்பி முதல் அடியைத் தடுத்து வழுக்கி விழுந்தார். திரும்பி வந்த பந்தையும் கிடந்தபடியே காலால் தட்டிவிட்டார். முன்வரிசைக்காரர் கோபிக்கவேண்டாம், இந்தப் பருவத்தின் ஆட்டக்காரர் எனக்கு அவர்தான்.

காலிறுதி கொழும்பு றேஸ் கோர்ஸ் மைதானத்தில், பின்னேரம் 3.30க்கு. பொடியன்கள் 2 மணிக்கே வரவேண்டும். ஷின் பாட் (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கட்டும் காப்பு) இல்லாவிட்டால் நடுவர் இறங்க விடமாட்டார். கோல் போட்ட சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை (ஒருவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார், பெயர் வேண்டாம்).

பெற்றோருக்கு: போன தடவை எல்லோரும் தோடம்பழம் கொண்டுவந்தீர்கள், தண்ணீர் ஒருவரும் இல்லை. இம்முறை தண்ணீரும் வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து வேன் போகிறது. இடம் வேண்டுமானால் வெள்ளிக்கிழமை இரவுக்குள் இங்கேயே எழுதுங்கள்.