கத்தி பட்ட அட்டை

வடசேரி, நாகர்கோவில்

அன்புள்ள மக்களே,

அந்தப் போக்கிமான் சாரிசார்ட் அட்டையைக் கூரியரில் அனுப்பச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டாய். மழை என்றேன், கூரியர் கடை பூட்டியிருக்கிறது என்றேன். இரண்டும் பொய். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அந்த அட்டையின் ஓரத்தை நான் வெட்டியிருக்கிறேன்.

2000 ஆம் ஆண்டு உன் மாமா குவைத்திலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்த அட்டைகளில் அது ஒன்று. ஒரு மாதம் சட்டைப் பையிலேயே வைத்துத் திரிந்தாய். நீல முதுகின் ஓரமெல்லாம் வெள்ளை தெரிந்து, முனைகள் பஞ்சாகிவிட்டன. நீ அழுதாய். அப்பா சரியாக்கித் தருகிறேன் என்று கடைக்குக் கொண்டுபோனேன். பேரேடு வெட்டும் கட்டிங் மெஷினில் வைத்து நான்கு பக்கமும் மயிரிழை மயிரிழையாக எடுத்தேன். சாயங்காலம் பார்த்ததும் குதித்தாய். எப்படி என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பைண்டிங் வேலையில் ஓரத்தைப் பிசிறாக விடுவதுதான் அவமானம். எனக்கு அன்று பெருமையாகவே இருந்தது.

போன மாதம் அட்டைகளுக்குத் தரம் போடும் பிஎஸ்ஏ கம்பெனி பற்றிச் சொன்னாய். முனை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்பது வரை பார்த்து 10க்கு மதிப்பெண் போடுவார்கள் என்றாய். ஓரம் வெட்டியதற்கு மதிப்பெண்ணே கிடையாது என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். அன்று இரவே ஸ்கேல் எடுத்து அளந்தேன். 63க்கு 88 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய அட்டை 62க்கு 87 இருக்கிறது. பஞ்சான முனையோடு விட்டிருந்தால் 3 அல்லது 4 மதிப்பெண்ணாவது வாங்கியிருக்கும்.

அசல்தான், அதில் சந்தேகமில்லை. அட்டை என் தொழில். ஓரத்தை லென்ஸில் பார்த்தால் நடுவே கறுப்புக் கோடு ஓடுகிறது. வெளிச்சம் ஊடுருவாமலிருக்க வைத்த படலம். வெட்டிய ஓரமாதலால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது, என்ன செய்ய. மினுமினுப்பும் படக் கட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. உன் கூட்டாளி பெட்டிக்கடையில் வாங்கிய போலி தலை முதல் கால்வரை மின்னியது நினைவிருக்கிறதா? 102 அட்டைத் தொகுப்பில் நான்காவது என்று 4/102 எண் இருக்கிறது, ஆனால் முதல் பதிப்பு முத்திரை இல்லை. படச் சட்டத்தின் வலப்பக்கம் நிழல் விழுகிறது. 1999 ஆங்கில அச்சில் முதலில் வந்தவற்றுக்கு அந்த நிழல் கிடையாது, நம்முடையது பிறகு வந்த அச்சு. 2022இல் 4,20,000 டாலருக்கு ஏலம் போனதாக நீ சொன்னது முத்திரையும் 10 மதிப்பெண்ணும் உள்ளது. இதைச் சொல்லி என் குற்றத்தைக் குறைக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பாய். கொஞ்சம் பார்க்கத்தான் செய்கிறேன்.

உன் இன்னொரு அட்டையான மச்சாம்பில் முதல் பதிப்பு முத்திரை இருக்கிறதே என்று துள்ளாதே. அது இரண்டு பேர் ஆடும் தொடக்கப் பெட்டியில் வந்தது, அந்தப் பெட்டி வாங்கியவர்களுக்கெல்லாம் முத்திரையோடுதான் கிடைத்தது.

மின்னும் அட்டைகள் எல்லாம் ஓலைபோல வளைந்துவிட்டன. நம் ஊரில் ஆனிச் சாரல் ஓய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது. காகிதம் ஈரம் குடித்து விரிகிறது, பளபளப்புப் படலம் விரிவதில்லை. பைண்டிங்கில் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் அட்டை வளையும், அதே கதைதான். பிரஸ்ஸில் வைத்து அமுக்கக் கை துறுதுறுத்தது, ஆனால் ஒரு முறை கை வைத்தது போதும். உறையில் போட்டு, அம்மாவின் மாத்திரை டப்பாக்களில் கிடந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமாக மூடி வைத்திருக்கிறேன்.

நைன்டேல்ஸ் அட்டை மேல் கத்தி படவில்லை. அளந்தேன், சரியாக 63க்கு 88. உனக்கு அதைப் பிடிக்காது, அதனால் தேயவுமில்லை. வேண்டுமானால் அதை அனுப்புகிறேன். சாரிசார்டை விற்பதாக இருந்தால், வெட்டியது என்று சொல்லியே விற்றுவிடு.

கோபம் இருந்தால் போனில் திட்டு. ஞாயிறு காலை, அம்மா ஆலயத்துக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து. அவளுக்கு இன்னும் தெரியாது.

அப்பா